‘ஆம்’ என்றால் ‘வேண்டாம்’: அமெரிக்க செனட்டில் ஒரு திருத்தம் கிடப்புக்குப் போகும் வழி

அமெரிக்க செனட்டின் வாக்குப் பதிவேட்டை முதன்முதலாகத் திறந்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். தங்களுக்குப் பிடித்த ஒரு திருத்தத்தைத் தேடிக் கண்டுபிடிப்பார்கள். தங்கள் மாநில செனட்டரின் பெயருக்கு நேரே ‘ஆம்’ என்று இருக்கும். நம் பக்கம் நின்றிருக்கிறார் என்று மனம் நிறைந்துபோகும். உண்மையில் அந்த ‘ஆம்’ திருத்தத்துக்குச் சொன்ன ஆம் அல்ல. அந்தத் திருத்தத்தை அப்புறப்படுத்தலாம் என்பதற்குச் சொன்ன ஆம்.

நானும் முதல் தடவை தலைகீழாகத்தான் படித்தேன். நண்பர் ஒருவரிடம் அதை உறுதியாகச் சொல்லிவிட்டு, இரண்டு நாள் கழித்துத் தவறென்று தெரிந்து மறுபடி போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. யாருக்கு வாக்களிப்பது என்று முடிவெடுக்கும் நேரத்தில் இப்படி ஒரு தவறு நடந்தால் அது சின்ன விஷயமல்ல. அதனால்தான், புதிதாகப் பார்க்கத் தொடங்குபவருக்கு இந்த வாக்கெடுப்பு எப்படி நடக்கிறது, எதைக் கவனிக்க வேண்டும் என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

தொடங்கும் முன்: அந்தச் சொல்

செனட்டர் எழுந்து ‘ஐ மூவ் டு டேபிள் தி அமெண்ட்மெண்ட்’ என்பார். இந்திய நாடாளுமன்றச் செய்திகளைப் படித்துப் பழகிய நமக்கு ‘டேபிள்’ என்றதும் ‘அறிக்கை அவையின் மேசையில் வைக்கப்பட்டது’ என்ற வரி நினைவுக்கு வரும். அங்கே மேசையில் வைப்பது என்றால் எல்லார் பார்வைக்கும் கொண்டுவருவது. பிரிட்டிஷ் வழக்கும் அதுதான். அமெரிக்காவில் பொருள் நேர் எதிர்: இனி இதைப் பற்றிப் பேச்சில்லை, எடுத்து ஓரமாகப் போடு.

இரண்டாம் உலகப் போரின்போது இந்த ஒரு சொல்லால் பிரிட்டிஷ் படைத்தலைமையும் அமெரிக்கப் படைத்தலைமையும் நெடுநேரம் வாதாடியதாக வின்ஸ்டன் சர்ச்சில் எழுதியிருக்கிறார். பிரிட்டிஷ்காரர்கள் ஓர் அவசர ஆவணத்தை உடனே விவாதிக்க வேண்டும் என்று ‘டேபிள்’ செய்யச் சொன்னார்கள். அமெரிக்கர்களோ அதை ஒதுக்கச் சொல்கிறார்கள் என்று எண்ணி எதிர்த்தார்கள். இரு தரப்பும் கேட்டது ஒன்றையேதான் என்பது பிறகே புரிந்தது.

இதற்குத் தமிழில் ‘கிடப்பில் போடுதல்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்கிறேன். ஒரு எச்சரிக்கையோடு. கிடப்பில் போட்ட கோப்பை என்றாவது ஒருநாள் யாராவது தூசிதட்டி எடுப்பார்கள் என்ற நம்பிக்கை நம் பேச்சில் ஒட்டிக்கொண்டிருக்கும். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. அங்கே கிடப்புத் தீர்மானம் வென்றால் திருத்தம் தோற்றதாகவே பொருள். ‘வேண்டாம்’ என்ற சொல்லைச் சொல்லாமலே வேண்டாம் என்று முடித்துவிடும் வழி அது.

முதல் படி: எந்தத் திருத்தம், அதன் நோக்கம் என்ன

செனட்டில் முன்வைக்கப்படும் ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஓர் எண் உண்டு. இரண்டாண்டு காலமுள்ள ஒவ்வொரு காங்கிரஸ் தொடங்கும்போதும் எண் 1-லிருந்து மறுபடி ஆரம்பிக்கும். ஆகவே எண்ணோடு எத்தனையாவது காங்கிரஸ் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் ‘நோக்கம்’ என்று ஒரு வரி இருக்கும். அது திருத்தத்தைக் கொண்டுவந்தவர் தரப்பில் எழுதப்படுவது, எனவே நல்ல வெளிச்சத்தில்தான் காட்டும். அவகாசம் இருந்தால் திருத்தத்தின் வாசகத்தையே படியுங்கள். பல திருத்தங்கள் ஒரு பக்கத்துக்கு மேல் போகாது.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். இது மசோதாவுக்கான திருத்தமா, அல்லது இன்னொரு திருத்தத்துக்கான திருத்தமா? முதலாவதை முதல்நிலைத் திருத்தம் என்றும், அதன்மேல் ஏறி உட்காருவதை இரண்டாம்நிலைத் திருத்தம் என்றும் சொல்வார்கள். முதல்நிலைத் திருத்தம் கிடப்பில் போனால் அதன்மேல் இருக்கும் இரண்டாம்நிலைத் திருத்தமும் சேர்ந்தே போய்விடும். மரத்தை வெட்டினால் கிளையும் விழும். ஆனால் மசோதாவுக்கு எதுவும் ஆகாது. திருத்தம் கிடப்பில் போனாலும் மசோதா அசையாமல் நிற்கும் என்று செனட் விதியே சொல்கிறது. இந்த ஒரு விதி இல்லையென்றால் இந்தக் கருவியை செனட்டில் இவ்வளவு தாராளமாகப் பயன்படுத்தியிருக்கவே முடியாது. காங்கிரஸின் மற்றோர் அவையான பிரதிநிதிகள் அவையில் நிலைமை வேறு, அதற்குப் பிறகு வருகிறேன்.

இரண்டாம் படி: விலக்கி வைப்பதையும் கிடப்பில் போடுவதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்

நேரலையில் கேட்கும்போது காதில் ஒன்றுபோலவே விழும் இரண்டு வாசகங்கள் உண்டு. ஒரு செனட்டர், ‘இப்போது அவைமுன் இருக்கும் திருத்தத்தைத் தற்காலிகமாக விலக்கி வைக்க ஒருமனதான சம்மதம் கேட்கிறேன்’ என்பார். இது கிடப்பு அல்ல. வரிசையில் நிற்பவர் ஒருவர் சற்று ஒதுங்கி, பின்னால் வருபவருக்கு வழிவிடுவதைப் போன்றது. இன்னொரு திருத்தத்தை முன்வைக்க இடம் வேண்டும், அவ்வளவுதான். விலக்கி வைக்கப்பட்ட திருத்தம் உயிரோடுதான் இருக்கிறது, மறுபடி எடுத்துக்கொள்ளலாம். இதற்கு வாக்கெடுப்பே கிடையாது. யாரும் மறுக்கவில்லையென்றால் நடக்கும், ஒரே ஒருவர் மறுத்தாலும் நடக்காது.

கிடப்புத் தீர்மானத்துக்கு யாருடைய சம்மதமும் தேவையில்லை. எழுந்து சொன்னால் போதும், வாக்கெடுத்தே ஆக வேண்டும். ‘சம்மதம் கேட்கிறேன்’ என்று வந்தால் விலக்கி வைப்பு. ‘தீர்மானம் கொண்டுவருகிறேன்’ என்று வந்தால் கிடப்பு. இந்த இரண்டையும் காதால் பிரித்தறியப் பழகிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

மூன்றாம் படி: தீர்மானம் வரும் கணம்

இதைக் கொண்டுவர ஒரு செனட்டருக்கு வேண்டியது ஒன்றுதான்: அவைத் தலைமையில் இருப்பவர் அவரைப் பேச அழைத்திருக்க வேண்டும். அழைக்கப்பட்டபின் திருத்தத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசிவிட்டு, கடைசி வரியில் கிடப்புத் தீர்மானத்தைச் சொல்லலாம். சொன்ன கணத்தில் விவாதம் நின்றுவிடும். தீர்மானத்தின்மேல் பேச யாருக்கும் வாய்ப்பில்லை. அதற்குத் திருத்தம் கொண்டுவரவும் முடியாது. நேராக வாக்கெடுப்பு.

எதிர்த்தரப்பின் வாயை அடைக்க இது எவ்வளவு கூரான கத்தி என்று தெரிய வேண்டுமானால் 1836-ஐப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு மே மாதம் பிரதிநிதிகள் அவை ஒரு முடிவெடுத்தது. அடிமைமுறை தொடர்பாக மக்கள் அனுப்பும் மனுக்கள் எல்லாம் அச்சிடப்படாமல், குழுவுக்கும் அனுப்பப்படாமல், தாமாகவே கிடப்பில் போக வேண்டும் என்பதே அது. ஆயிரக்கணக்கான சாதாரண மக்கள் கையெழுத்திட்டு அனுப்பிய மனுக்கள் ஒரு வார்த்தை விவாதமும் இன்றி ஓரமாகப் போயின. முன்னாள் குடியரசுத் தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸ் அப்போது அந்த அவையில் சாதாரண உறுப்பினர். அவர் விடாமல் போராடி, 1844 டிசம்பரில்தான் அந்தத் தடை நீங்கியது. நடைமுறை விதி வெறும் நடைமுறை விதிதானே என்று யாராவது சொன்னால் எனக்கு நினைவுக்கு வருவது இந்த எட்டு ஆண்டுகள்தான்.

இன்றைய செனட்டில் ஒரு நாகரிகம் பெரும்பாலும் காக்கப்படுகிறது: திருத்தம் கொண்டுவந்தவர் அதை விளக்கிப் பேசி முடிக்கும்வரை கிடப்புத் தீர்மானம் கொண்டுவர மாட்டார்கள். அது விதியல்ல, மரியாதை. நேரப் பங்கீடு குறித்து முன்பே ஒப்பந்தம் இருந்தால், அந்த நேரம் தீரும்வரை அல்லது இரு தரப்பும் விட்டுக்கொடுக்கும்வரை தீர்மானம் செல்லாது.

அந்த ஒப்பந்தத்தின் வாசகத்தையும் காது கொடுத்துக் கேளுங்கள். ‘திருத்தத்தின் மீது வாக்கெடுப்பு’ என்று மட்டும் இருந்தால் நேரடி வாக்கெடுப்பு. ‘திருத்தம் தொடர்பாக வாக்கெடுப்பு’ என்று இருந்தால் கிடப்புத் தீர்மானத்துக்குக் கதவு திறந்தே இருக்கிறது. ‘மீது’, ‘தொடர்பாக’ என்ற இரண்டு சொற்களுக்கு நடுவில் இவ்வளவு இருக்கிறது என்பதைப் பல மாதங்கள் கழித்தே நான் கவனித்தேன்.

நான்காம் படி: வாக்கெடுப்பு

முதலில் குரல் வாக்கு. பெயர் பதிவாக வேண்டும் என்று யாராவது கேட்டால், அங்கே இருப்பவர்களில் ஐந்தில் ஒரு பங்கினர் ஆதரித்துக் கை தூக்க வேண்டும். அமெரிக்க அரசியலமைப்பின் முதல் பிரிவே தரும் உரிமை இது. செனட்டின் கோரம், அதாவது அவை நடக்க வேண்டிய குறைந்தபட்ச வருகை, 51 என்பதால், குறைந்தது 11 பேர். குரல் வாக்கோடு முடிந்துபோனால் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதற்கு எழுத்துச் சான்று எதுவும் இருக்காது. பதிவேட்டில் தேடி ஏமாற வேண்டாம்.

பெயர் வாக்கெடுப்பு என்றால் எழுத்தர் அகரவரிசையில் பெயர்களை வாசிப்பார். வழக்கமான நேரம் 15 நிமிடம், நடைமுறையில் அதற்கு மேலும் நீளும். செனட்டில் மின்னணு வாக்குப்பெட்டி கிடையாது. பிரதிநிதிகள் அவையில்தான் 1973 முதல் அது உண்டு. செனட்டர்கள் முன்னால் வந்து வாயால் சொல்வார்கள் அல்லது கட்டை விரலை மேலேயோ கீழேயோ காட்டுவார்கள். 2017 ஜூலையில் சுகாதாரக் காப்பீட்டுத் திருத்தத்தின்போது ஜான் மெக்கெய்ன் கையை நீட்டி விரலைக் கீழே காட்டிய காட்சியைப் பலர் பார்த்திருப்பீர்கள். அது நேரடி வாக்கெடுப்பு என்பதால் கீழ்நோக்கிய விரல் திருத்தத்துக்கு எதிரானது. அதே விரல் ஒரு கிடப்புத் தீர்மானத்தின்போது கீழே காட்டப்பட்டிருந்தால் திருத்தத்தைக் காப்பாற்றும் வாக்காக இருந்திருக்கும்.

ஒரு துண்டுத்தாளில் இதை எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள்: கிடப்புக்கு ஆம், திருத்தத்துக்கு வேண்டாம். கிடப்புக்கு இல்லை, திருத்தம் இருக்கட்டும்.

வெல்லத் தேவை சாதாரணப் பெரும்பான்மை. வாக்களித்தவர்களில் பாதிக்கு மேல் ஒருவர் இருந்தால் போதும். சரிசமமாக நின்றால் கிடப்புத் தீர்மானம் தோற்கும். துணைக் குடியரசுத் தலைவர் தலைமை நாற்காலியில் இருந்தால் அந்தச் சமநிலையை அவர் வாக்கு உடைக்கலாம். முடிவு அறிவிக்கப்படும்வரை எந்த செனட்டரும் தம் வாக்கை மாற்றிக்கொள்ளலாம். கடைசி இரண்டு நிமிடங்களில் எழுத்தர் மேசை அருகே கூடி நிற்பவர்கள் யார், யார் யாரோடு பேசுகிறார்கள் என்று பாருங்கள். முடிவு பெரும்பாலும் அங்கேதான் உருவாகிறது.

ஐந்தாம் படி: முடிவு வந்தபின்

தீர்மானம் வென்றால் திருத்தம் முடிந்தது. உடனே ஒருவர் ‘மறுபரிசீலனை செய்யத் தீர்மானம்’ என்பார், இன்னொருவர் ‘அந்தத் தீர்மானத்தைக் கிடப்பில் போடத் தீர்மானம்’ என்பார். சில நொடிகளில் இரண்டும் முடிந்துவிடும். ஏதோ மந்திரம் ஓதுவதுபோல் தோன்றும். ஆனால் அதற்கு ஒரு வேலை இருக்கிறது. வென்ற பக்கம் வாக்களித்தவரோ வாக்களிக்காதவரோ, அன்றோ அடுத்த இரண்டு அமர்வு நாட்களுக்குள்ளோ, எடுத்த முடிவை மறுபடி பார்க்கச் சொல்லலாம் என்பது செனட் விதி. அந்தக் கதவை அப்போதே சாத்திப் பூட்டிவிடுகிறார்கள்.

தீர்மானம் தோற்றால் என்ன ஆகும்? திருத்தம் நிறைவேறிவிட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். இல்லை. அது முன்பிருந்த இடத்திலேயே இருக்கிறது. விவாதம் விட்ட இடத்திலிருந்து தொடரும். பெரும்பான்மை யார் பக்கம் என்று வெளிச்சமாகிவிட்டதால் பல நேரம் எதிர்ப்பவர்கள் விட்டுக்கொடுத்து, குரல் வாக்கில் திருத்தம் ஏற்கப்படும். ஆனால் விட்டுக்கொடுக்காமல் நின்று பேசவும் அவர்களுக்கு உரிமை உண்டு.

அப்படி ஒருவர் நின்று பேசியதால் நடந்தது 1993 ஜூலை 22. இந்த நடைமுறையைப் புரியவைக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

தேசிய சேவை மசோதா ஒன்று செனட்டில் இருந்தது. வட கரோலினா செனட்டர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ் அதற்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தார். ‘யுனைடெட் டாட்டர்ஸ் ஆஃப் தி கன்ஃபெடரசி’ என்ற அமைப்பின் சின்னத்துக்கான வடிவமைப்புக் காப்புரிமையைப் புதுப்பிக்க வேண்டும் என்பது அது. அந்தச் சின்னத்தில் இருந்தது, அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோய்ப் போரிட்ட தென் மாநிலங்களின் கொடி. செனட்டின் நூறு பேரில் அன்று ஒரே ஒரு கறுப்பின உறுப்பினர்தான் இருந்தார். இல்லினாய்ஸைச் சேர்ந்த கேரல் மோஸ்லி பிரான். முந்தைய ஆண்டுதான் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார், செனட்டுக்கு வந்த முதல் கறுப்பினப் பெண்ணும் அவரே.

திருத்தத்தைக் கிடப்பில் போடும் தீர்மானம் வாக்குக்கு வந்தது. ஆதரவு 48, எதிர்ப்பு 52. தோற்றது. மேலே படித்ததை வைத்துப் பாருங்கள்: தோற்றதால் திருத்தம் உயிரோடு இருக்கிறது, உயிரோடு இருப்பதால் விவாதம் தொடர்கிறது, விவாதம் தொடர்வதால் அவரால் எழுந்து பேச முடிந்தது. கொடியைப் பற்றி, அடிமைமுறையைப் பற்றி, தம் மூதாதையரைப் பற்றிப் பேசினார். இதை நிறுத்தத் தேவையானால் இந்த அறை உறைந்துபோகும்வரை இங்கேயே நிற்பேன் என்று சொன்னார். மற்ற செனட்டர்கள் ஒவ்வொருவராக அவைக்குள் வந்து உட்கார்ந்து கேட்டார்கள். அலபாமாவின் ஹோவெல் ஹெஃப்லின் எழுந்தார். தென் மாநிலப் படையோடு தம் குடும்பத்துக்கிருந்த தொடர்பைச் சொல்லிவிட்டு, தம் வாக்கை மாற்றிக்கொள்வதாக அறிவித்தார்.

அடுத்து வந்தது மறுபரிசீலனைத் தீர்மானம். இதனால்தான் அந்தக் கதவைப் பற்றி மேலே சொன்னேன். அது அன்று பூட்டப்படாமல் இருந்தது. செனட் மறுபடி பார்க்க ஒப்புக்கொண்டு, அதே கிடப்புத் தீர்மானத்துக்கு இரண்டாம் முறை வாக்களித்தது. இந்த முறை 75-க்கு 25. சில மணி நேரத்தில் 27 பேர் பக்கம் மாறியிருந்தார்கள்.

பதிவேட்டில் இந்த இரண்டு வாக்கெடுப்புகளும் பக்கம் பக்கமாக இருக்கும். முதலாவதை மட்டும் பார்ப்பவருக்கு ஒரு கதை, இரண்டாவதை மட்டும் பார்ப்பவருக்கு வேறொரு கதை. ஒரு செனட்டரை மதிப்பிட இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆறாம் படி: நேராக வாக்கெடுக்காமல் ஏன் இந்தச் சுற்றுவழி?

விடை இரண்டு எண்களில் இருக்கிறது: 51, 60. செனட்டில் விவாதத்துக்குப் பொதுவாக எல்லை இல்லை. ஒரு திருத்தத்தின் மேல் நேரடி வாக்கெடுப்புக்குப் போக வேண்டுமானால் எல்லாரும் பேசி முடிக்க வேண்டும், அல்லது விவாதத்தை முடிக்கும் தீர்மானத்துக்கு 60 வாக்கு திரட்ட வேண்டும். அதற்கு 16 செனட்டர்கள் கையெழுத்திட்டு மனு கொடுத்து, இடையில் ஒரு நாள் காத்திருக்கவும் வேண்டும். கிடப்புத் தீர்மானத்துக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. எல்லாரும் வந்திருந்தால் 51 போதும், அதுவும் உடனே. ஆனால் இதனால் ஒரு திருத்தத்தை வீழ்த்தத்தான் முடியும், நிறைவேற்ற முடியாது. பெரும்பான்மைக் கட்சித் தலைவருக்கு இது பிடித்த கருவியாக இருப்பதில் வியப்பில்லை. தம் மசோதாவில் வந்து ஒட்டும் திருத்தங்களை ஒவ்வொன்றாகக் களைய இதுவே எளிய வழி.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்குப் பிடிக்காத காரணம். ‘நான் அந்தத் திருத்தத்தை எதிர்க்கவில்லை, நடைமுறைக்காக மட்டுமே வாக்களித்தேன்’ என்று பிறகு தொகுதியில் சொல்லிக்கொள்ளலாம். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கலாம். கவனமாகப் பேசி முடித்த ஓர் உடன்பாடு, ஒரு திருத்தத்தால் உடைந்துபோகும் என்றால், அதன் உள்ளடக்கத்தை விரும்புகிறவரும் கிடப்புக்கு வாக்களிக்கக்கூடும். அப்படியானால் அதை அவர் அன்றே அவையில் சொல்லியிருப்பார், பதிவேட்டில் இருக்கும். இல்லாதபோது, விளைவை வைத்தே நான் அந்த வாக்கை எடைபோடுகிறேன். திருத்தம் வீழ்ந்தது, அதற்கு அவர் வாக்கும் ஒரு காரணம்.

கடந்த சில பத்தாண்டுகளில் இந்தத் தீர்மானம் முன்னைப்போல அடிக்கடி வருவதில்லை. திருத்தம் நிறைவேற 60 வாக்கு வேண்டும் என்று இரு கட்சியும் முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொண்டு நேராக வாக்கெடுப்பது பெருகியிருக்கிறது. அத்தகைய வாக்கெடுப்பில் 55 பேர் ஆதரித்தும் திருத்தம் தோற்றிருக்கும். பதிவேட்டில் ‘தேவையான பெரும்பான்மை’ என்ற இடத்தில் பாதியா, ஐந்தில் மூன்றா என்று பார்த்துவிட்டு முடிவைப் படியுங்கள்.

கொஞ்சம் சிக்கலான இடம்: ஆம் என்பது வேறெதையோ குறிக்கும்போது

ஒரு மசோதாவில் ஒரே நேரத்தில் நிலுவையில் இருக்கக்கூடிய திருத்தங்களுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. பெரும்பான்மைத் தலைவரைத்தான் முதலில் பேச அழைப்பார்கள் என்பதால், அவர் தாமே வரிசையாகத் திருத்தங்களை முன்வைத்து எல்லா இடத்தையும் நிரப்பிவிடலாம். தேதியை ஒரு நாள் மாற்றும் வெற்றுத் திருத்தங்களாகக்கூட அவை இருக்கும். மரத்தை நிரப்புதல் என்று அங்கே சொல்வார்கள். அதன்பின் வேறு யாரும் திருத்தம் கொண்டுவர முடியாது.

அப்போது எதிர்க்கட்சி செனட்டர் ஒருவர் எழுந்து, தலைவரின் அந்த வெற்றுத் திருத்தத்தையே கிடப்பில் போடத் தீர்மானம் கொண்டுவருவார். அது போனால் ஓர் இடம் காலியாகும், அங்கே தம் திருத்தத்தை வைக்கலாம் என்பது கணக்கு. இந்த வாக்கெடுப்பில் ‘ஆம்’ என்பவர் அந்தத் தேதித் திருத்தத்தை வெறுப்பவர் அல்ல, வேறொரு திருத்தத்துக்கு வழிகேட்பவர். தீர்மானம் கொண்டுவருபவர் அந்த நோக்கத்தை முன்கூட்டியே சொல்லிவிடுவார். ஆகவே வாக்கெடுப்புக்கு முந்தைய ஐந்து நிமிடப் பேச்சைப் படிக்காமல் இத்தகைய வாக்கை எடைபோடக் கூடாது. தம் திருத்தத்தைத் தாமே கிடப்பில் போடத் தீர்மானம் கொண்டுவந்து அதற்கு எதிராகவே வாக்களிக்கும் செனட்டர்களும் உண்டு. திருத்தத்தை மற்றவர்கள் கண்டுகொள்ளாமல் காலத்தைக் கடத்தும்போது, எல்லாரையும் பெயரோடு பதிவுசெய்ய வைக்க அது ஒரு வழி.

பிரதிநிதிகள் அவையில்

435 பேர் கொண்ட இந்த அவையில் ஒரு திருத்தத்தைக் கிடப்பில் போட்டால் மசோதாவும் கூடவே போய்விடும். ஆகவே திருத்தங்களுக்கு இதை யாரும் பயன்படுத்துவதில்லை. எந்தத் திருத்தம் வரலாம், எது வரக்கூடாது என்பதை விதிகள் குழு முன்பே வடிகட்டிவிடுகிறது. ஆனால் தனித் தீர்மானங்களை ஓரங்கட்ட இங்கே இது இன்றும் உயிர்ப்போடு இருக்கிறது.

சபாநாயகரை நீக்கக் கோரும் தீர்மானம் இரண்டு முறை வந்ததை ஒப்பிட்டுப் பாருங்கள். 2023 அக்டோபர் 3-ஆம் நாள், கெவின் மெக்கார்த்திக்கு எதிரான தீர்மானத்தைக் கிடப்பில் போட முயன்றார்கள். 208-க்கு 218 என்று அந்த முயற்சி தோற்றது. கேடயம் உடைந்தது. அன்றே 216-க்கு 210 என்ற வாக்கில் அவர் பதவி இழந்தார். அமெரிக்க வரலாற்றில் அப்படி நீக்கப்பட்ட முதல் சபாநாயகர் அவர். 2024 மே 8-ஆம் நாள், மைக் ஜான்சனுக்கு எதிராக அதே வகைத் தீர்மானம். 359-க்கு 43 என்று கிடப்பில் போனது. அவரை நீக்கலாமா என்ற கேள்வி வாக்குக்கே வரவில்லை.

மாநிலச் சட்டமன்றங்கள் ஒவ்வொன்றுக்கும் தனி விதிநூல். 150 பேர் கொண்ட டெக்சாஸ் பிரதிநிதிகள் அவையில் திருத்தங்களைக் கிடப்பில் போடும் வாக்கெடுப்பு அன்றாடக் காட்சி. பலகையில் பச்சை விளக்கு ஆம், சிவப்பு இல்லை. அங்கும் கிடப்புக்கான பச்சை என்பது திருத்தத்துக்குச் சிவப்புதான். உங்கள் மாநிலத்தில் எப்படி என்பதை அந்த அவையின் விதிகளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசிப் படி: பதிவேட்டைப் படித்துவிட்டு அலுவலகத்தை அழைப்பது

செனட்டின் இணையதளத்தில் பெயர் வாக்கெடுப்புகளுக்கென்று தனிப் பக்கம் உண்டு. ஒவ்வொன்றிலும் மேலே ‘கேள்வி’ என்று ஒரு வரி. பெயர்களுக்குப் போகும் முன் அந்த வரியில் கண்ணை நிறுத்துங்கள். ‘திருத்தத்தின் மீது’ என்று இருக்கிறதா, ‘கிடப்பில் போடும் தீர்மானத்தின் மீது’ என்று இருக்கிறதா? அடுத்து, தேவையான பெரும்பான்மை. அதன் பிறகு முடிவு. அதற்குப் பிறகுதான் உங்கள் செனட்டரின் பெயர். அன்று நடந்த பேச்சு முழுவதும் காங்கிரஷனல் ரெக்கார்டு என்ற நாட்பதிவேட்டில் இருக்கும். செனட் நடவடிக்கைகள் 1986 ஜூன் முதல் தொலைக்காட்சியில் வருவதால், பழைய விவாதங்களின் காட்சிகளையும், அவை நிகழ்வுகளை ஒளிபரப்பும் சி-ஸ்பான் தொலைக்காட்சியின் காப்பகத்தில் தேடலாம். 1993-இன் அந்த நாளை அங்கே ஒருமுறை பாருங்கள்.

பிறகு செனட்டரின் அலுவலகத்தை அழையுங்கள். தொலைபேசியை எடுப்பவர் பெரும்பாலும் இளம் உதவியாளராக இருப்பார், அவரிடம் கோபப்பட்டு ஒன்றும் ஆகாது. ‘இந்தத் திருத்தத்தை ஆதரிக்கிறாரா?’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். திருத்த எண், வாக்கெடுப்பு எண், தேதி மூன்றையும் சொல்லுங்கள். ‘இந்த வாக்கெடுப்பில் கிடப்பில் போட ஆம் என்று வாக்களித்திருக்கிறார். திருத்தத்தின் உள்ளடக்கத்தை எதிர்த்தா, அல்லது மசோதாவைக் காக்கவா? அவையில் அதைச் சொன்னாரா, எந்தப் பக்கத்தில்?’ என்று கேளுங்கள். இப்படிக் கேட்பவருக்குச் சட்டவிவகாரம் பார்க்கும் அலுவலரிடமிருந்து எழுத்தில் பதில் வர வாய்ப்பு அதிகம். வந்த கடிதத்தைத் தேதியோடு எடுத்து வையுங்கள். அதே பொருளில் அடுத்த திருத்தம் வரும் நாளில் அது உங்கள் கையில் இருக்க வேண்டும்.